கண் மூடிய கார்டுகள்

ஒனெசிம் பெல்ரோஸிடம் இருபத்து நான்கு தபால் கார்டுகள் இருந்தன. அத்தனையிலும் சுதந்திர தேவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவின் முதல் தபால் கார்டு அது. 1873இல் வந்த பழுப்பு நிறக் கார்டு. ஒரு சென்ட் தபால்தலை அதிலேயே அச்சாகியிருக்கும். தேவியின் முகம் பக்கவாட்டில், திறந்த கண்ணோடு. லட்சக்கணக்கில் அடித்தார்கள். ஒரே ஒரு அச்சில் மட்டும் எப்படியோ கண் இருந்த இடம் அடைத்துப்போய், இமை விழுந்தாற்போல் ஆகிவிட்டது. சீக்கிரமே யாரோ கவனித்துச் சரிசெய்திருக்க வேண்டும். ஒரு கட்டுக்கு மேல் அப்படிப்பட்ட கார்டு யார் கையிலும் சிக்கவில்லை.

கட்டு என்பதுதான் விஷயம். தாள்களை அடுக்கி வெட்டும்போது ஒரே இடத்துக் கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பட்டை கட்டித் தபால் நிலையங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஒரு கார்டில் கண் மூடியிருந்தால் அந்தக் கட்டு முழுக்க மூடியிருக்கும். கட்டை வாங்கியவர் ஒரே ஆள். பதினோரு வருஷம் தேடி ஒனெசிம் இருபத்து நான்கைச் சேர்த்துவிட்டான். மிச்சம் ஒன்று. அது கிடைத்தால் உலகத்திலேயே ஒன்றுகூட விடாமல் சேர்ந்த ஒரே கட்டு அவனுடையதாக இருக்கும். 1953ஆம் வருஷம் அவன் வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் இல்லை.

மாசசூசெட்ஸில் கனெக்டிகட் ஆற்றங்கரைக் காகித மில்லில் அவனுக்குத் தாள் சோதிக்கும் வேலை. நாளெல்லாம் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பார்த்து, புள்ளி விழுந்ததையும் மடிப்பு விழுந்ததையும் ஒதுக்கித் தள்ள வேண்டும்.

“மில்லுல குத்தம் இருந்தா தூக்கிப் போடுறான். வீட்டுல குத்தம் இருந்தா ஃப்ரேம் போட்டு மாட்டுறான்” என்று அவன் மனைவி டெலிமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். “அந்தக் கணக்குலதான் நானும் இந்த வீட்டுல இருக்கேன்.”

அச்சுப்பிழை சேகரிப்பவர்களிடம் ஒரு மரியாதை உண்டு. கார்டின் முகத்தைப் பார்ப்பார்கள், முதுகைத் திருப்பமாட்டார்கள். மாதா கோயில் நிலவறையில் ஞாயிறு மதியம் கூடும்போது அடுத்தவன் கார்டைத் திருப்புவது அவன் சட்டைப் பையில் கைவிடுவதற்குச் சமம். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. இருபத்து நான்கும் ஒரே விலாசத்துக்குப் போனவை என்பது ஒனெசிமுக்குத் தெரியும்: திருமதி அஸஹெல் ஆல்வர்ட், பைன் தெரு, பக்கத்து ஊர். தபால் முத்திரை கார்வர்ஸ் ஹாலோ என்ற ஊருடையது. பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்த்தவள் டெலிமாதான். சேகரிப்பாளர் கண்காட்சிக்காகப் புது ஃப்ரேம் செய்த சனிக்கிழமை, அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்க, சமையலறை மேஜையில் பழைய அட்டையிலிருந்து கார்டுகளைக் கழற்றிக் கொடுத்தாள். மூன்றாவது கார்டில் அவள் கை நின்றது. நான்காவதைத் திருப்பினாள், ஐந்தாவதைத் திருப்பினாள்.

“கிழவா. இதுல என்ன எழுதிருக்குன்னு தெரியுமா?”

“கையைத் தொடச்சிட்டுத் தொடு.”

“எல்லாத்துலயும் ஒண்ணேதான் எழுதிருக்கு.”

அவள் வரிசையாக மேஜையில் கவிழ்த்தாள். 1876 மே முதல் 1878 ஏப்ரல் வரை, மாசத்துக்கு ஒன்று. தேதி மட்டும் மாறியது. எழுத்து மாறவில்லை.

‘இங்கே எல்லோரும் நலம். நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். — ஈனஸ்.’

“ரெண்டு வருஷமா ஒரு மனுஷனுக்கு வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்லையா? பசு கன்னு போட்டுதுன்னாவது எழுத மாட்டானா?” என்றாள் டெலிமா. பிறகு கடைசி எட்டுக் கார்டுகளையும் விளக்குப் பக்கம் இழுத்தாள். “இங்க பாரு. இது அந்தக் கை இல்ல. இது குழந்தைக் கை. அந்தக் கை மாதிரியே எழுதப் பாத்திருக்கு.”

ஒனெசிம் கார்டுகளை எடுத்துத் திருப்பி, மூடிய கண்களை மேலே பார்க்க வைத்தான்.

“விலாசம் இருக்கில்ல, போய்க் கேளேன்” என்றாள். “உனக்குக் கார்டு. எனக்கு அந்த ஈனஸ்.”

பைன் தெரு வீட்டில் ஆல்வர்ட் குடும்பத்தில் ஒருத்தி இன்னும் இருந்தாள். மிஸ் லொவீனா, திருமதி ஆல்வர்டின் மகள். எண்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவள். முன்னறையில் அவர்களை உட்காரவைத்துத் தேநீரும் இஞ்சி பிஸ்கட்டும் கொடுத்தாள். பரணில் கார்டுகள் இருந்த பெட்டியை அண்ணன் பையன் விற்றுவிட்டான் என்றும், அதற்காக இன்றுவரை அவனோடு பேசுவதில்லை என்றும் சொன்னாள்.

“ஒரு கார்டு மட்டும் அவன் கைக்குப் போகல. அதுக்குத்தானே வந்திருக்கீங்க, மிஸ்டர் பெல்ரோஸ்?”

தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். கண் மூடிய தேவி. மூலை மழுங்காத, புத்தம் புதுக் கார்டு. ஒனெசிம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். பிறகுதான் உறைத்தது. கார்டில் விலாசம் இல்லை, முத்திரையும் இல்லை. எழுதாத கார்டு.

இருபத்து நான்கும் கார்வர்ஸ் ஹாலோவிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவை. எழுதாத மிச்சம் ஈனஸின் வீட்டில் அல்லவா கிடக்க வேண்டும்? கட்டு இங்கே இருந்திருக்கிறது. இந்த வீட்டில்தான் எழுதியிருக்கிறார்கள்.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த லொவீனா, “ஆமா” என்றாள். “முதல்ல அம்மா எழுதினா. அப்புறம் அம்மாவுக்கு விரல் மடங்கல. நான் எழுதினேன். எனக்குப் பத்து வயசு.”

“தனக்குத் தானேவா?” என்றாள் டெலிமா.

“மாசம் ஒரு நாள் ஈனஸ் மாமா ஊருக்கு ரயில்ல போவோம். கார்வர்ஸ் ஹாலோ ஸ்டேஷன்ல கார்டைப் பெட்டில போடுவோம். பெஞ்சுல உக்காந்து ஆளுக்கு ஒரு ஆப்பிள் தின்னுட்டு அடுத்த ரயில்ல திரும்பிடுவோம். மூணாம் நாள் கார்டு வரும். அம்மா அதை அப்பாகிட்டப் படிச்சுக் காட்டுவா. ‘உங்க அண்ணனுக்கு நம்ம மேல என்னதான் கோபமோ’ன்னு அப்பா சொல்லுவாரு.”

கோப்பையை வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“ஒரு தடவை ஸ்டேஷன்ல கேட்டேன், இவ்வளவு தூரம் வந்துட்டோமே, மாமா வீட்டுக்குப் போலாமான்னு. அம்மா என்னைப் பாத்து, ‘அதான் வர வேண்டாம்னு எழுதியிருக்காரே’ன்னா. நான் முந்தின நாள் எழுதின கார்டு அப்பதான் பெட்டில விழுந்திருந்துது.”

வெளியே நல்ல வெயில். யாரோ புல் வெட்டும் சத்தம் கேட்டது. டெலிமா கையிலிருந்த பிஸ்கட்டைத் தின்னாமல் தட்டில் வைத்தாள்.

“கடைசிக் கார்டு போட்ட வருஷமே அம்மா தவறிட்டா. கொஞ்ச நாள்ல மாமாவே எழுதினதா நானும் நம்ப ஆரம்பிச்சுட்டேன். கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறது? யாருமே போகல. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. கார்டு உங்களுக்கு.”

போய்ப் பார்க்க கார்வர்ஸ் ஹாலோ இல்லை. பாஸ்டனுக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கையே அரசாங்கம் அணை கட்டி மூழ்கடித்துவிட்டது. வீடுகளை இடித்து, மரங்களை வெட்டி, ஸ்டேஷனைப் பெயர்த்து, அதன்மேல் தண்ணீர் விட்டார்கள். கல்லறைகளை மட்டும் தோண்டி மேட்டில் ஒரு புது இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒனெசிமும் டெலிமாவும் அங்கே போனார்கள். கல்லறைக் காவலாளி பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, வரிசை எண் சொல்லி அனுப்பினான்.

ஒரே அச்சில் வார்த்தாற்போல் நான்கு கற்கள். ஈனஸ், அவன் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். 1876 மார்ச் எட்டாம் தேதிக்கும் பதினாறாம் தேதிக்கும் இடையில் நால்வரும் இறந்திருந்தார்கள். காரணம், தொண்டை அடைப்பான் தொற்று என்று பதிவில் இருந்தது. முதல் கார்டு எழுதியபோது அந்த வீட்டில் நலமாக இருக்க யாருமில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒனெசிம் அதை லொவீனாவிடம் அப்படியே சொன்னான். பூசி மெழுகிச் சொல்லலாம் என்று வழியில் நினைத்திருந்தான், முடியவில்லை. குற்றம் உள்ள தாளைக் குற்றம் உள்ளது என்று சொல்லியே பழகிய வாய்.

லொவீனா தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

“அந்த மார்ச்சுல மாமாகிட்ட இருந்து ஒரு லெட்டர் வந்துது. அம்மா படிச்சுட்டு அடுப்புல போட்டா. ‘தொண்டை வலிக்குதா, தொண்டை வலிக்குதா’ன்னு அன்னிக்கு முழுக்க என்னையே கேட்டுட்டு இருந்தா. எனக்கு வலிக்கல. உடனே வாங்கன்னு எழுதியிருப்பாரு, இல்ல?”

“இருக்கும், மிஸ் ஆல்வர்ட்.”

“என்னாலதான் அவ போகல. எனக்கும் ஒட்டிக்கும்னு.”

பேனாவையும் மைக்கூட்டையும் கொண்டுவரச் சொன்னாள். ஒனெசிம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் எதற்கென்று புரிந்தது. “மிஸ் ஆல்வர்ட், அது எழுதாத கார்டு, ஒண்ணே ஒண்ணுதான்...” என்று தொடங்கினான். டெலிமா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கிழவி கார்டின் பின்பக்கம் எழுதினாள். ‘புறப்பட்டு வருகிறேன். பதில் போடவும். — லொவீனா.’ திருப்பி, ஈனஸின் பெயரையும் கார்வர்ஸ் ஹாலோவையும் எழுதினாள்.

“பெட்டில போட்டுடுங்க. கவலைப்படாதீங்க, கார்டு உங்களுக்குத்தான். அனுப்புறவர் விலாசம்னு ஓரத்துல உங்க விலாசத்தை எழுதிக்குங்க. அந்த ஊர் இல்லேன்னா உங்ககிட்டத்தானே திரும்பி வரும்?”

அது நியாயமாகத்தான் பட்டது. இல்லாத ஊருக்குப் போன கார்டு, ‘அப்படி ஓர் ஊர் இல்லை’ என்ற முத்திரையோடு பத்து நாளில் திரும்பிவிடும். சொல்லப்போனால் அந்த முத்திரையோடு சேர்த்து அதன் மதிப்பே வேறு. வீட்டில் தன் விலாசத்தை அழகாக எழுதி, இப்போதைய கட்டணத்துக்காக இன்னொரு சென்ட்டுக்கான தபால்தலையை மூடிய கண்ணின்மேல் படாமல் தள்ளி ஒட்டினான். காலையில் மில்லுக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டான்.

பத்து நாள் ஆயிற்று. ஒரு மாசம் ஆயிற்று. ஃப்ரேமில் இருபத்து நான்கு கண்கள் மூடியிருக்க, கடைசி மூலையில் அட்டை வெறுமையாகத் தெரிந்தது. ஒனெசிம் தபால் நிலைய ஜன்னலில் போய் நின்றான்.

“அந்த ஊருக்கு இங்கிருந்து தபால் பை போறதில்ல” என்றான் உள்ளே இருந்தவன், தபாலைப் பிரித்துப் போட்டுக்கொண்டே. “விலாசம் எழுதியிருந்தா கட்டாயம் திரும்பி வரும்.”

“வரலையே.”

“வரலேன்னா போய்ச் சேந்திருக்கும்யா. தள்ளு, பின்னாடி ஆள் நிக்குது.”

அன்று சாயங்காலம் டெலிமா பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருக்கும்போது டெலிபோன் அடித்தது. வாரா வாரம் பேசும் லொவீனாதான். இத்தனை வாரமும் ‘கார்டு திரும்பி வந்துதா?’ என்றுதான் கேட்பாள். இன்று வேறு மாதிரி கேட்டாள்.

“பதில் ஏதாவது வந்துதா, மிஸ்டர் பெல்ரோஸ்? உங்க விலாசத்துக்குத்தானே வரும்.”

ஒனெசிம் வாசல் கதவில் தபால் விழும் துளையைப் பார்த்தான்.

“இன்னும் வரல, மிஸ் ஆல்வர்ட்” என்றான்.

டெலிமா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.