விக்ருதி, ஆவணி, தேய்பிறை நவமி

அருளப்பன் ஐயா காலமான செய்தியை வடமதுரையிலிருந்து வந்த பஸ் கண்டக்டர்தான் சொன்னார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் போட்டு மூடியாகிவிட்டது. போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் என்று உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். என் அண்ணன் இன்று உயிரோடு நடமாடுவது அவரால்தான் என்பது பலருக்குத் தெரியாது.

அப்பா இறந்து வீட்டைப் பாகம் பிரித்தபோது பெட்டியின் அடியில் ஒரு ரிவால்வர் கிடந்தது. தாத்தாவுடையது. அதன் மரப்பிடியில் ஆணியால் கீறியிருந்தது: ‘விக்ருதி, ஆவணி, தேய்பிறை நவமி.’ வம்பு வேண்டாமென்று அண்ணன் தானே அதை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தார். அவரை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய விக்ருதியில் செம்பட்டிப் பக்கம் ஒருவரை யாரோ சுட்டுக் கொன்றிருந்தார்கள். செத்தவரோடு அண்ணனுக்கு வரப்புத் தகராறு உண்டு. அந்த வருஷம் வாங்கிய துப்பாக்கி என்று கேஸ் எழுதினார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் அண்ணனைச் சந்தேகப்பட்டேன்.

துப்பாக்கியின் வயதைச் சொல்ல கோர்ட்டில் ஐயாவைக் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கான தோட்டாவுல பக்கவாட்டுல ஒரு ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும்ங்க. ஊசி நிக்கத்தான் இந்தப் பள்ளம். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே அந்தத் தோட்டா வரத்து நின்னுபோச்சு. பன்னெண்டு வருசத்துக்கு முன்ன இத வச்சு ஒரு காக்காயக்கூடச் சுட்டிருக்க முடியாது. இதுல கீறியிருக்கிறது அதுக்கும் அறுபது வருசம் முந்தின விக்ருதி.”

மூன்று மாதம் கழித்து அண்ணன் வெளியே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

நன்றி சொல்லப் போன என்னை ஐயா தனியே அழைத்தார். “அப்பு, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எங்களுக்குத் திதி கிடையாது. ஆனா ஒண்ணு கேக்குறேன். நவமியில எவனாச்சும் சாமான் வாங்குவானா? வாங்குனவன் தேதியில்ல போடுவான்? திதி போடுறது செத்தவங்களுக்கு. உங்க வீட்டுல அந்தத் திதிக்கு யாருக்காச்சும் தண்ணி விடுறீகளா?”

இல்லை என்றேன். சொல்லும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது. தாத்தாவின் தம்பி ஒருவர் அந்தப் பழைய விக்ருதி ஆவணியில் கொழும்புக்குப் போனவர், திரும்பவே இல்லை என்பது எங்கள் வீட்டுக் கதை. வருஷா வருஷம் ஆவணியில் ஒரு நாள் தாத்தா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

“தாத்தா செஞ்சது அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் ஐயா” என்று கெஞ்சினேன். “அம்புட்டுப் பழியச் சுமந்தவருக்கு இதையும் மறைப்பீகளா? சொல்லிருங்க” என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

சொன்னேன். அண்ணன் சுவர்க் காலண்டரை எடுத்துவந்து ஆவணியைப் புரட்டினார். பிறகு, “சின்னத் தாத்தாவுக்கு ஒரு வாய்த் தண்ணியாச்சும் விடுவோம்டா” என்றார்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஐயாவின் பிடிவாதம்தான் என்னிடம் மிச்சம். அடுத்த ஆவணியில் குளக்கரையில் உட்கார்ந்தோம். பெயரைக் கேட்டுக்கொண்ட ஐயர், “எந்த ஊரில் காலமானார்?” என்றார். கொழும்பு என்றே சொல்லி வளர்ந்த வாய் என்னுடையது; அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணன்தான் சொன்னார்: “இங்கதான் சாமி. எங்க வீட்டுல.”