ரேடியோ முன் ஒரு துண்டு ரொட்டி

அபையாங் தீவில் பெரெத்தியின் வீட்டுக்குச் சுவர் கிடையாது. மரமேடையில் பாய், மேலே ஓலைக்கூரை, அவ்வளவுதான். மூச்சுத் திணறலோடு படுத்திருந்த அவள் கணவர் தொவானிக்கு அங்கிருந்தே மாதா கோயில் தெரியும், போகத்தான் முடியாது. நோய் பரவியதால் கோயிலைப் பூட்டிவிட்டார்கள். சாமியார் கடலுக்கு அக்கரையில், தாராவாவில் மாட்டிக்கொண்டார். ஞாயிறு திருப்பலி ரேடியோவில்தான்.

பெரெத்தி ஊரில் எத்தனையோ படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். எதற்கும் பதற மாட்டாள். ஆனால் தொவானி, "நற்கருணை அப்பம் மட்டும் கிடைச்சா போதும்" என்று தினமும் கேட்டது அவளை அரித்தது. அவளுக்கும் அதே ஏக்கம்தான்.

ரேடியோ முன் துணி விரித்து, சிலுவையும் மெழுகுத்திரியும் வைக்கச் சொல்லியிருந்தார் சாமியார். பெரெத்தி அதோடு, தான் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டையும் தட்டில் வைத்தாள். சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது தட்டை ரேடியோவுக்கு நெருக்கமாக நகர்த்தினாள். சாமியாரின் வார்த்தைதான் வந்து சேருகிறதே, போதாதா என்பது அவள் நினைப்பு. நற்கருணைப் பாட்டு தொடங்கியதும் பாதியைத் தொவானியின் நாக்கில் வைத்தாள். மீதியைத் தான் உண்டாள். அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் கைத்து என்ற கோயில் உபதேசியார் வேலிக்கு வெளியே நின்று நலம் விசாரித்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, ரேடியோ வழியா அப்பம் ஆண்டவரோட உடலா மாறாது. சாமியார் முன்னால, பீடத்துல இருக்கணும். அதுவும் புளிக்காத அப்பமா இருக்கணும், உங்களுது கள்ளு ஊத்திப் பொங்கவச்ச ரொட்டி."

"கோயில் சாவி உன்கிட்டதானே இருக்கு? நற்கருணைய எடுத்துட்டு வா."

"நற்கருணைப் பேழை காலிக்கா. இருந்ததெல்லாம் சாமியார் போறப்பவே கொடுத்துட்டாரு."

"வெறுங்கையோட வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ஞானோபதேசம் நடத்துறியாக்கும்."

கைத்து தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

தொவானியிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். நோயாளி நிம்மதியாக இருந்தார். ஆனால் அவர் பிழைப்பது நிச்சயமில்லை. பொய்யான நிம்மதியோடு அவரை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. முதுகைத் துடைத்துவிடும்போது சொன்னாள்.

"நேத்து நான் குடுத்தது வெறும் ரொட்டிதானாம்."

தொவானி மூச்சை இழுத்துப் பிடித்தார். "அப்போ நான் இன்னும் வாங்கல."

"இல்ல."

"நீயும் வாங்கல."

"நானும்தான். அந்தப் பக்கம் திரும்புங்க, துணி நனைஞ்சிருக்கு."

அடுத்த ஞாயிறு அவள் தட்டு வைக்கவில்லை. நற்கருணைப் பாட்டு வந்ததும் அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தாள். எதுவும் வராது என்று தெரிந்தே அவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் மண்டியிட்டு அவளும் திறந்தாள்.

பாட்டு முடிந்தபோது அவர் உதடு காய்ந்துபோயிருந்தது. ஈரத்துணியால் ஒற்றிவிட்டாள்.