மலைக்குப் பின்னால் நாற்பது நிமிடம்

எங்கள் வீட்டு மாடிப்படிகள் பதினான்கு. துணி உலர்த்தப் போகும்போது ஒன்பதாவது படியில் நின்று என் மனைவி ராஜமதி புடவைக் கொசுவத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். கொசுவம் நன்றாகத்தான் இருந்தது. மூச்சு வாங்குவதை மறைக்க அவள் கண்டுபிடித்த வழி அது என்று எனக்குப் புரிய நான்கு மாதம் பிடித்தது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். எதையும் உற்றுப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொன்னவன்.

பிறகு வறட்டு இருமல் வந்தது. ஊரில் இருமல் மருந்து கொடுத்தார்கள், ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். எதற்கும் அடங்கவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே நுரையீரல் டாக்டரம்மா ராஜமதியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, காதில் மாட்டும் பக்கத்தை என்னிடம் நீட்டினார். காய்ந்த சருகின் மேல் யாரோ மெதுவாக நடந்து போகிற சத்தம் கேட்டது.

நோயின் பெயர் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலின் மென்மையான சதை தழும்பாகி இறுகிப்போவது). காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். தழும்பேறிய இடம் திரும்பாது, பரவுவதைத்தான் கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்றார்.

இதே நோயோடு இருக்கிறவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வழக்கமான மருந்து ராஜமதியின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் புதிய மாத்திரை ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் உண்மையான மருந்துதான், எந்த அளவு சரி என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதற்கென்று தனிக் கட்டடம். ஒரு அறையில் நோயாளிகளின் இருமலைப் பதிவுசெய்து அதன் ஓசையைப் பிரித்துப் பார்த்தார்கள். இன்னொன்றில் வீட்டில் புறா அடைகிறதா, விறகடுப்பு உண்டா, கடலை உடைக்கும் தூசியில் வேலை செய்ததுண்டா என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அடுத்ததில் மூச்சுக் காற்றின் வேகத்தை அளந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு பெண் நுண்ணோக்கியில் குனிந்தபடி இருந்தாள், மூன்று முறை போனபோதும் நிமிரவே இல்லை. ஒரே ஒரு மூச்சுக்கு இத்தனை அறைகளா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நோயாளியின் கணவன் என்பதையே மறந்து, சுற்றுலா வந்த பள்ளிப் பையன் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தேன்.

ராஜமதி ஒன்றுதான் கேட்டாள். “இத மொதல்ல எலிங்களுக்குக் குடுத்துப் பாத்தீங்களா?”

“ஆமாம்மா. அப்படித்தான் செய்யணும்” என்றார் டாக்டர்.

“அதுங்க?”

டாக்டர் பொய் சொல்லவில்லை. “ஆராய்ச்சி முடிஞ்சா உயிரோட இருக்காதுங்கம்மா.”

மாத்திரை கைக்கு வந்தபிறகு, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் விழுங்குவாள். என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன். “அதுங்ககிட்ட மன்னிப்பு” என்றாள்.

நாங்கள் இந்த மாவட்டத்தின் பழைய சமணக் குடும்பங்களில் ஒன்று. சூரியன் மறைந்தபின் உண்பதில்லை என்பது எங்கள் விரதம். என்னைப் போன்றவர்கள் வேலை, பயணம் என்று சாக்குச் சொல்லி எட்டு மணிக்குத் தோசை சாப்பிடப் பழகிவிட்டோம். ராஜமதி தண்ணீர்கூடத் தொடமாட்டாள். இரவில் இருமித் தொண்டை வறண்டால், நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஆராய்ச்சியில் சேரும் நாளில் அங்கே பணிபுரிந்த கலைவாணி என்ற பெண் பட்டியலைப் படித்தாள். காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று, சாப்பிட்ட உடனே. “நேரம் தவறாம எடுக்க முடியாதவங்கள சேத்துக்க மாட்டாங்க சார். ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?”

ராஜமதி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “ஒரு பிரச்சினையும் இல்லம்மா.”

வீட்டுக்கு வந்து பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேசினேன். உயிர் போகிற விஷயம் என்றேன். “ராத்திரில தண்ணி குடிக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா? பொழுதோட சாப்பிடறப்ப போட்டுக்கறேன். மாத்திரை உள்ள போனா சரிதானே?” என்றாள். அதற்குமேல் அவளை அசைக்க முடியாது.

தினமும் மாத்திரை போட்ட நேரத்தைக் குறிக்க ஒரு சின்ன டைரி கொடுத்திருந்தார்கள். ஆங்கிலம். நான்தான் எழுதினேன். காலை 8.00, இரவு 8.00. மறுநாளும் 8.00, 8.00. சில சமயம் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எழுதி வைத்தேன். “என்ன எழுதறீங்க?” என்று அவள் கேட்டபோது, “மாத்திரை எண்ணிக்கை” என்றேன். ஊசல் பரிசோதனையில் அளக்காமலே அளவெழுதிய பிள்ளைகளின் நோட்டை எத்தனை முறை சிவப்பு மையில் அடித்திருக்கிறேன்! எல்லா அளவும் ஒன்றுபோல இருந்தால் அது அளந்ததே இல்லை என்று சொன்னவனுக்குக் கை கூசவில்லை. நேரம் தவறியது தெரிந்தால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அப்படி.

மருந்து ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க, காலை மாத்திரைக்கு முன்பு வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போவார். வைகாசியில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை, கார்த்திகைப் பிறப்பில் ஒரு முறை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கம்மி.

டாக்டர் போனில் அழைத்தார். குரலில் கவலையும் இருந்தது, ஒரு பரபரப்பும் இருந்தது. “டைரி ரொம்ப சுத்தமா இருக்கு சார். மாத்திரை எண்ணிக்கையும் சரி. அப்படின்னா இவங்க உடம்பு மருந்தை வேகமா கழிக்கிது. போகப் போக இன்னும் வேகமா. உங்க சனங்க சொந்தத்துலயே கல்யாணம் பண்றவங்க இல்லையா? ஜீன்ல ஏதோ இருக்கலாம். இவங்க சொந்தக்காரங்க ரத்தம் கெடைச்சா பெரிய விஷயம் சார். இதே மாதிரி உடம்பு இருக்கிற எத்தனையோ பேருக்கு அளவை மாத்த வேண்டியிருக்கும்.”

ராஜமதியின் அண்ணன் கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயம் பார்க்கிறார். டாக்டர் அவரிடமும் பேசியிருக்கிறார். மச்சான் அடுத்த நாளே எனக்குப் போன் போட்டார். “மாப்ள, கோயில்ல சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை நாப்பது பேரு வர்றாங்க. வயசானவங்ககூட வர்றாங்க. நம்ம ரத்தத்தால நாலு பேரு பொழைச்சா புண்ணியம்தானே!”

அன்று மாலை மொட்டைமாடியில் நின்றேன். எங்கள் வீடு வேங்கிக்காலில். கிரிவலம் வருகிற மலை எங்களுக்குத் தென்மேற்கே நிற்கிறது. வைகாசியில் சூரியன் மலைக்கு வலப்பக்கம் விலகி, ஆறரை மணிக்குச் சமவெளியில் மறையும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகரும். கார்த்திகையில் நேராக மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஐந்து அடித்துச் சில நிமிஷத்தில் எங்கள் தெருவில் வெயில் இல்லை. கீழே ராஜமதி சாப்பிட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது. அவள் உடம்பு மருந்தை வேகமாகக் கழிக்கவில்லை, அவளுடைய பொழுதுதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சாயங்கால மாத்திரைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவே பதினைந்து மணி நேரம் ஆகிவிட்டது. என் டைரியில் பன்னிரண்டு.

வியாழக்கிழமை சென்னைக்குப் போனோம். டாக்டர் அறையில், ராஜமதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் தேர்வில் மாட்டிக்கொண்ட மாணவன் குரல் மாதிரி இருந்தது.

டாக்டர் வெகுநேரம் டைரியைப் புரட்டினார். அப்புறம் கேட்டார். “அம்மாவுக்குப் பொழுது சாய்ஞ்சா ஆகாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்? காலைல ஆறேகால், சாயங்காலம் அஞ்சரைன்னு வெச்சிருப்போமே. நடுவுல பன்னெண்டு மணி நேரம், ஒரு மணி முன்னப்பின்ன ஆனாலும் பரவால்ல. எட்டுங்கிறது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும்னு போட்டது.”

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவள் விரதமும் கெட்டிருக்காது, மருந்தும் ரத்தத்தில் நின்றிருக்கும்.

நான் ராஜமதியைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இதற்குள் அவள் மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏறியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பேசினாள். “பொய்ய எழுதி எனக்கு மருந்து குடுத்தீங்களா? அந்த வாயில்லா ஜீவனுங்க செத்தது வீணாப் போச்சேங்க.”

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அவள் அழுதது எலிகளுக்காக.

இத்தனை மாதக் கணக்கையும் பயன்படுத்த முடியாது, ஆய்வு நெறிக்குழுவுக்கு (ஆராய்ச்சி நேர்மையாக நடக்கிறதா என்று கண்காணிப்பவர்கள்) எழுத வேண்டும் என்றார் டாக்டர். விரும்பினால் அவள் தொடரலாம் என்றும் சொன்னார். ராஜமதி யோசிக்கவே இல்லை. “இனிமே நெஜத்த எழுதுவாங்க. நான் பாத்துக்கறேன்” என்றாள். வெளியே வந்து மச்சானை அழைத்தேன். “என்னா மாப்ள, வாத்தியாரு நீங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுபோனது.

ஐந்தரை என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. வேங்கிக்காலில் அதற்குள் சூரியன் போய்விடும். அது மலை மறைப்பது, உண்மையில் மறைவதல்ல என்று சொன்னேன். என் சொல்லை நம்பும் நிலையில் அவள் இல்லை. சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் கிரிவலப் பாதையின் மேற்குப் பக்கத்துக்கு அழைத்துப் போனேன். கிளம்பும்போது எங்கள் தெரு நிழலாகிவிட்டது. அங்கே போய் இறங்கினால் வயல் மேல் மஞ்சள் வெயில். சூரியன் பனைமர உயரத்துக்கு இன்னும் நின்றுகொண்டிருந்தது.

ராஜமதி கையைப் புருவத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். “இன்னும் இவ்ளோ பொழுது இருக்குதேங்க!”

“நாப்பது நிமிஷம் ஜாஸ்தி” என்றேன்.

“இத்தன வருஷமா சொல்லவே இல்லையே நீங்க.”

சொல்லவில்லைதான். இயற்பியல் வாத்தியார் வீட்டில் அந்த நாற்பது நிமிஷம் கேட்பாரற்றுக் கிடந்தது. ஆட்டோவிலேயே பெட்டியைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். நேரம் 5.31. “எழுதுங்க” என்றாள். எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து தெரு நிழலானபின்னும் வீட்டிலேயே போட்டுக்கொண்டாள். அதன்பின் டைரி அழகாக இல்லை. 5.28, 5.34, 5.30. ஒரு நாள் வாந்தி, ஒரு நாள் மறதி, எல்லாம் அப்படியே எழுதினோம். ஆனால் நோய் காத்திருக்கவில்லை. மார்கழிக் கடைசியில் திடீரென்று சீறியது. ஆரம்பத்திலிருந்தே நேரத்துக்குக் கொடுத்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். “தெரியாது சார். தெரியும்னு சொன்னா அது பொய்” என்றார். அந்தப் பதிலோடுதான் நான் இருக்கிறேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் நடப்பதை டாக்டரிடம் நடந்தபடியே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். தை முதல் வாரம். ஜன்னலோரம் கட்டில். தெருவில் வெயில் போனது. மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். வழக்கம்போலக் கண்ணை மூடினாள். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அவள் கண் திறக்கப்போவதில்லை என்று புரிந்தது. விரல்கள் மாத்திரையை விடாமல் மூடியிருந்தன.

டைரியை அனுப்பிவைத்த பத்தாம் நாள் கலைவாணி அழைத்தாள். “சார், மன்னிச்சிக்குங்க. கடைசி நாளு சாயங்காலக் கட்டத்துல மாத்திரை எடுத்த நேரம் இல்ல. ‘எடுக்கவில்லை, 5.40, சூரியன் மறையவில்லை’ன்னு எழுதியிருக்கீங்க. இத எப்படி ஏத்தறதுன்னு தெரியல.”

“நடந்தது அதுதாம்மா. அப்படியே ஏத்து.”

இப்போது மாடி ஏறும்போது ஒன்பதாவது படியில் நிற்கிறேன். என் நுரையீரலுக்கு ஒன்றுமில்லை. மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் எனக்குக் கேட்கிறது, முன்பெல்லாம் கேட்டதில்லை. மேலே போய் மலையைப் பார்த்து உட்காருகிறேன். தெருவில் விளக்கு போடுகிறார்கள், கடைக்காரர் கற்பூரம் காட்டுகிறார், எல்லோருக்கும் பொழுது போய்விட்டது. எட்டு மணித் தோசையை விட்டுவிட்ட நான் தட்டை எடுத்துச் சாப்பிடுகிறேன். மலைக்கு அந்தப்பக்கம் இன்னும் வெயில் இருக்கிறது.