முழு உடம்புக்கு நேர்ந்த ரொட்டி

எங்கள் பாறசாலையைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று தமிழர்கள் ஊர்வலம் போன காலத்தில், சந்தைப் பக்கத்தில் ரொட்டி சுடுகிற போர்மை எங்களுடையது ஒன்றுதான் இருந்தது. போர்மை என்றால் செங்கல் வைத்துக் கட்டிய பெரிய அடுப்பு. கடைக்கும் அதே பேர். நான் அதிகம் படித்தவன் அல்ல. மாவில் சிலுவை வரைந்து, கர்த்தரை நினைத்துத் தீ மூட்டத் தெரியும். அது போதும் என்று இருந்தேன்.

ஊர்வலக்காரர்களுக்கான ரொட்டி எங்களிடமிருந்துதான் போயிற்று. வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அந்த வருஷங்களில் அதை விற்று மைதா வாங்கிக் கொண்டுவந்து, தாங்களே பிசைந்தும் தந்தார்கள். இந்து வீட்டுப் பெண்களும் எங்களைப் போன்ற வேதக்கார வீட்டுப் பெண்களும் ஒரே தொட்டியில் கை வைத்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ஊர்வலத்தை மறிக்க வருகிற போலீசுக்கும் ரொட்டி எங்களுடையதுதான். வேறு எங்கே போவார்கள்?

ஒரு திங்கட்கிழமை காலையில் ஏட்டு வந்தார். ஏட்டு என்றால் தலைமைக் காவலர். மலையாளி, குணசாலி. மறுநாள் அமரவிளைப் பாலம் வரை ஊர்வலம் என்று அவருக்குத் தெரியும். எத்தனை பேர் என்பதுதான் தெரியாது.

"அவங்களுக்கு எத்தற தட்டு சொல்லியிருக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்லக்கூடாது என்பது கட்டளை. "பத்து தட்டு" என்றேன்.

"அப்போ நமக்கு பதினஞ்சு."

அவர் போனதும் என் மனைவியின் தம்பி வந்தான். ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் போகிறவன் அவன்தான்.

"போலீசுக்கு எத்தன அத்தான்?"

அவனிடமும் பொய் சொல்ல முடியவில்லை.

"எங்களுக்கு இருவது போடுங்க. ரொட்டியப் பாத்தே பயப்படட்டும்."

உச்சிவேளைக்குள் இரண்டு கட்சியும் மாறி மாறி ஏறி ஆளுக்கு நாற்பது தட்டைத் தாண்டிவிட்டன. இவ்வளவுக்கு என் கையும் விறகும் போதாது என்று இரு தரப்பிலும் சொன்னேன். உடனே ஆள் அனுப்பினார்கள். போலீஸ்காரர்கள் லத்திகளை எங்கள் சுவரில் சாய்த்துவிட்டு ரப்பர் விறகு கீறினார்கள். ஊர்வலக்காரர்கள் மாவு மூட்டை சுமந்தார்கள். பொழுது சாயும்போது எல்லாரும் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு அடிக்கம்போ இடது தோள விட்டிரும் வே. மூட்டை தூக்கி அது இன்னைக்கே போச்சு" என்றான் ஒருவன்.

"நீ ஓடாம நின்னா பாத்து அடிக்கலாம்" என்றார் கோடாலி வைத்திருந்த போலீஸ்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த லத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஊர்களில் ஊர்வலத்துக்குப் போன சில பிள்ளைகள் வீடு திரும்பவில்லை என்று சேதி வந்திருந்த நேரம். தாய் இறந்த பிறகு அந்தத் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். உள்ளே போய் அந்தோனியார் படத்துக்கு முன் முழங்காலில் நின்றாள்.

மறுநாள் செவ்வாய், அந்தோனியாருக்கு உரிய நாள். விடிந்ததும் இரண்டு தரப்பும் ரொட்டிக்கு வந்தன. என் மனைவி போர்மைக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எந்தம்பி முழு உடம்போட திரும்பி வந்தா, உள்ள இருக்குத ரொட்டி எல்லாம் நேர்ச்சை. அந்தோனியாருகிட்ட சொல்லியாச்சு."

நேர்ச்சை என்றால் புனிதருக்கு நேர்ந்து, வந்தவர் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறுவது. அதை விற்கக் கூடாது, தந்தால் வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. காரியம் நிறைவேறும் முன்னால் அதிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது.

"அது எங்க ரொட்டில்லா, அக்கா" என்றான் தம்பி.

"அதில் பாதி சர்க்காருடையதாக்கும்" என்றார் ஏட்டு.

"இப்ப அந்தோனியாருக்க ரொட்டி" என்றாள்.

என்னைப் பார்த்தார்கள். ஊரார் ரொட்டியை நேர்வதற்கு இவளுக்கு என்ன உரிமை என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சொன்ன நேர்ச்சையை மீறச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஏட்டும் செவ்வாய்தோறும் எங்கள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்தான், இந்துவானாலும்.

சாப்பிடாமல் ஊர்வலம் போக முடியாது. ஊர்வலம் போய் வராமல் சாப்பிட முடியாது. முந்தின நாள் வேலையில் யாருக்கும் உடம்பில் தெம்பும் இல்லை. ஏட்டு தம்பியைக் காட்டி என் மனைவியிடம் கேட்டார்.

"இவன் ஒருத்தன் போயிட்டு வந்தா போதுமில்லே?"

அப்படித்தான் அந்த ஊர்வலம் நடந்தது. கொடியோடு தம்பி மட்டும் நடுவில் நடந்தான். சுற்றிலும் போலீஸ். எதிரே பஸ் வந்தால் கைகாட்டி நிறுத்தினார்கள். முட்டுகிற கிடா ஒன்றை விரட்டினார்கள். அவன் நின்று கோஷம் போட்டபோதெல்லாம், "நடந்துட்டே சொல்லு மக்கா, பசிக்குது" என்று கெஞ்சினார்களாம். பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். திரும்பும் வழியில் கல்லில் இடித்துக் கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. ஏட்டின் முகம் வெளுத்துப்போயிற்று என்று பிறகு சொன்னான்.

வாசலில் மனைவி அவனைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். காலில் கண் நின்றது.

"இது என்னலே?"

"கல்லு இடிச்சது. போலீஸ் இல்ல" என்றார் ஏட்டு அவசரமாக.

அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அப்புறம் சாவியை என்னிடம் தந்தாள். சந்தை வெளியில் பாய் விரித்தோம். போலீஸ்காரர், ஊர்வலக்காரர், மாவு பிசைந்த பெண்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்றார்கள். தின்னத் தின்ன ரொட்டி தீரவில்லை. நற்செய்தியில் வாசித்ததை நான் அன்றைக்குக் கண்ணால் கண்டேன். எங்கள் விஷயத்தில் காரணம் இரு தரப்பின் வீம்புதான் என்றாலும்.

அடுத்த ஊர்வலத்துக்குத் தம்பி கொடியை எடுத்தபோது அவள் குறுக்கே நின்றாள்.

"முழு உடம்புன்னு சொன்னேன். நகம் இல்ல. அந்தோனியாருக்கு ரொட்டி முன்கூட்டியே குடுத்தாச்சு. நகம் வளர்றது வர நீ எங்கயும் போவாண்டாம்."

பெருவிரல் நகம் வளர எத்தனை மாதமாகும் என்று அதுவரை நாங்கள் யாரும் கவனித்ததில்லை. தினமும் காலையில் உன்னிப்பாகப் பார்த்து, வளர இன்னும் ஓரத்தில் கொஞ்சம் பாக்கி உண்டு என்பாள். அது முழுதாக வளர்ந்து முடிவதற்குள் எல்லையைத் தீர்மானித்துவிட்டார்கள். பாறசாலை கேரளத்தின் பக்கம் நின்றுவிட்டது. தம்பி மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் செவ்வாய். அவள் ரொட்டித் தட்டை அவன் முன்னால் வைத்து, "நேர்ச்சை" என்றாள். அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.