சுகந்தி பேசிய ஏழு நிமிடம்

ஒரு காபி வாங்க இங்கே ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் முறை சொன்னதும் கவுண்டரில் நிற்கும் பெண் தலையைச் சாய்த்து, "ஸாரி?" என்பாள். இரண்டாம் முறை உதட்டை ஒடுக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, வேறு யாரோ ஆகிச் சொன்னால் காபி வந்துவிடும். திருச்சியில் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கப் பேசியவன் நான். வட இங்கிலாந்தின் இந்தச் சிறு நகரத்துக்கு வந்த மூன்று வருடத்தில் அந்த 'வேறு யாரோ' எனக்குப் பழகிவிட்டான். அவனை எனக்குப் பிடிக்கவும் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு சர்ச் ஹாலில் பழைய வானொலிப் பிரியர்கள் கூடுவார்கள். பிரிட்டனில் வானொலி தொடங்கிய காலத்து இசைத்தட்டுகளைப் போடுவார்கள், அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம், பிறகு மணி அடித்துவிடும். மின்சாரமே இல்லாமல் பாடும் கிரிஸ்டல் செட் ரேடியோவின் ஹெட்போனை அங்கேதான் முதலில் காதில் வைத்தேன். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. ஆண்டு விழா மாலையில் அறிவிப்பாளராக இருக்கிறேன் என்று நானே கேட்டு, ஒரு பக்கம் வாசித்தும் காட்டினேன். செயலாளர் மார்கரெட் புன்னகையோடு, "எவ்வளவு சுவாரசியமான குரல் உங்களுக்கு! அந்தக் காலத்துக் குரல் இல்லை, அவ்வளவுதான்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் குளியலறையில் பயிற்சி வேறு. விழாவன்று அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இருந்தது, தேநீருக்கு நேராக. கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். பால் வேண்டுமா என்று கேட்டதற்கும் ஒருவர் "ஸாரி?" என்றார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதில் போன மாசியில் ஊருக்குப் போனபோது அதே மாலையை அப்படியே ஸ்ரீரங்கத்தில் நடத்தினேன். நண்பன் வீட்டு மாடி ஹால், மைக் வைத்த ஒரு சிறு மேடை, அவன் அப்பாவின் ரெக்கார்டு பிளேயர், என் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த ஆறு இசைத்தட்டுகள், ஒரு கிரிஸ்டல் செட், அச்சடித்த நிரல், மேஜைமேல் மணி. அறிவிப்பாளர் என் தங்கை சுகந்தி. தெப்பக்குளம் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில் மைக்கில் அறிவிக்கிறவள் அவள். மூன்றாவது மாடியில் பட்டு, முதல் மாடியில் சுடிதார், காணாமல் போன குழந்தை எல்லாம் அவள் குரலில்தான். உள்ளூர் எஃப்.எம். ஒன்றில் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் பெண்மணியை அவளே அழைத்திருந்தாள். "அவங்க வராங்கண்ணே. நான் பேசறத ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும், கடைய விட்டுடுவேன்" என்றாள்.

திருவெறும்பூரில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை. "கைய ஆட்டாத. சிரிக்காத. 'வாங்க வாங்க'ன்னு சொல்லாத."

"வாங்கன்னு சொல்லாம எப்படிண்ணே வரவேக்கறது? முறைச்சுப் பாக்கவா?"

அந்தக் காலத்து அறிவிப்பாளர்கள் யாரும் பார்க்காத மைக்கின் முன்னால்கூட விருந்துக்குப் போகிற கோட்டு மாட்டிக்கொண்டுதான் பேசினார்கள் என்று விளக்கினேன். சுகந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம், வேர்த்திருக்கும்" என்றாள்.

மேடையில் முதல் இரண்டு நிமிடம் நான் எழுதிக் கொடுத்ததைக் கல் மாதிரி நின்று வாசித்தாள். ஹாலில் மின்விசிறி சுற்றும் சத்தம்தான். எஃப்.எம். பெண்மணி கைப்பேசியை எடுத்துவிட்டார். சுகந்தி அதைப் பார்த்தாள். தாளை மடித்தாள். "பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, ஃபேன் இங்கதான் இருக்கு" என்றாள். பிறகு கிரிஸ்டல் செட்டைத் தூக்கிக் காட்டி, "அந்தக் காலத்துல வீட்டுக்கு ஒரே ஒரு ஹெட்போன். அத ஒரு கிண்ணத்துக்குள்ள வெச்சுட்டு மொத்தக் குடும்பமும் சுத்தி உக்காந்து கேப்பாங்களாம். நாம செல்போன டம்ளர்ல போட்டுப் பாட்டுக் கேக்கறோம்ல, அதேதான். வெள்ளைக்காரங்களும் நம்மள மாதிரி டம்ளர் கேஸுதான்!" என்றாள்.

ஹால் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "ஏம்மா, நீ ஜவுளிக்கடைப் பொண்ணுதானே? மூணாவது மாடி!" என்று கத்தினார். "ஆமாங்க, லிஃப்ட் இன்னிக்கும் ரிப்பேர்தாங்க!" என்றாள் இவள். எஃப்.எம். பெண்மணி கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பு கூசியது. மார்கரெட் பார்த்தால் என்ன நினைப்பார்? கடலுக்கு அந்தப் பக்கம், என்னைக் கெட்டிலிடம் அனுப்பிய ஒருத்திக்காக, என் ஊரில் நின்று கூசினேன். மேடையேறி, சுகந்தியின் கையிலிருந்து மைக்கை வாங்கி, "இனி நான் தொடர்கிறேன்" என்றேன். அவள் காதருகே, "உன் குரல் இதுக்குச் சரிவராது. போய் காபியப் பாரு" என்றேன்.

அவள் போனாள். எல்லோருக்கும் ஆற்றிக் கொடுத்தாள். நான் பேசினேன், இசைத்தட்டுகள் ஓடின, மணி சரியாக அடித்தது. எஃப்.எம். பெண்மணி காபியைக் குடித்துவிட்டு இரண்டாவது பேச்சுக்கு முன்பே கிளம்பிவிட்டார். நல்ல நிகழ்ச்சி என்று என் கையைக் குலுக்கியவர்களின் கண்கள் காபி மேஜைப் பக்கமே போய்ப் போய் வந்தன.

திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று நகர்ந்தது. "நான் பேசினது தப்பாண்ணே?"

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஏன்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே கேட்டாள்: "அங்க உன்ன யாராச்சும் இப்படிச் சொன்னாங்களா?"

"சேச்சே" என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன நாக்கை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அன்று மேடையில் என் கைப்பேசி பதிவு செய்துகொண்டிருந்தது. இங்கே திரும்பிய பிறகு, சுகந்தி பேசிய ஏழு நிமிடத்தை மட்டும் வெட்டி எஃப்.எம். பெண்மணிக்கு அனுப்ப உட்கார்ந்தேன். கூடவே, மார்கரெட் சொன்னதையும், நான் செய்ததையும் அந்தப் பெண்மணிக்கே கடிதமாக எழுதி, அதன் ஒரு பிரதியைச் சுகந்திக்கும் அனுப்பினேன். வெட்டுவதுதான் முடியவில்லை. லிஃப்டைப் பற்றிச் சொல்லிவிட்டு அவள் சிரிக்கிறாள். சிரிப்பு முடிவதற்குள் என் குரல் ஏறிக்கொள்கிறது. முன்னால் வெட்டினால் அவள் சிரிப்பு அறுபடுகிறது, பின்னால் வெட்டினால் நான் இருக்கிறேன். கடைசியில் சிரிப்பை முழுதாக விட்டு அனுப்பினேன். அதன் முடிவில் "இனி நா" என்று ஒருவன் தொடங்குகிறான். அவன் திருச்சிக்காரன் மாதிரியும் பேசவில்லை, இந்த ஊர்க்காரன் மாதிரியும் பேசவில்லை.