பதினாறு கட்டத்துக்குள் ஒரு வேன்

நான் வரைந்ததிலேயே மிகச் சிறிய வண்டி அது. அகலத்தில் பதினாறு புள்ளி, உயரத்தில் பதினாறு புள்ளி. திரையில் சுண்டுவிரல் நகம் அளவுதான் வரும். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ லாரி முதுகுகளில் ஆள் உயரத்துக்கு மயிலும் தாமரையும் போட்டிருக்கிறேன். எதுவும் நினைவில் நிற்கவில்லை. இந்த வேன் மட்டும் ஒவ்வொரு புள்ளியாக நினைவில் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்பில் வெட்டு வேலை செய்தேன். பிறகு மாமல்லபுரத்தில் சிலைகளுக்குப் பாலிஷ் போட்டேன். கல்தூசு நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போனதும் அங்கிருந்து கிளம்பி, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போர்டு எழுதும் கடையில் ஒட்டிக்கொண்டேன். சாப்பாடு முதலாளி வீட்டில். படுக்கை பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில். தின்னர் வாசனையில் தூக்கம் நன்றாகவே வரும்.

அந்தக் கடைக்கு ஒருநாள் ஒருவர் சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டியோடு வந்தார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருக்கும் டெக்னீஷியன், ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெட்டியின் முகத்தில் சுவிட்சுகளுக்கு மேலே அரிசி அளவில் பெயர் எழுத வேண்டும் என்றார். நான் எழுதி முடிக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணாடிகூடப் போடாம எழுதுதியே! கம்ப்யூட்டர்ல அம்புக்குறி பாத்திருக்கியா?"

"பிரௌசிங் சென்டர்ல பாத்துகீறேன் சார்."

"அது மாதிரி ஒண்ணு வரையணும். பதினாறு கட்டத்துக்குள்ள."

"அம்புதான சார்? தூக்கத்துல வரைவேன்."

"தூக்கத்துல வேண்டாம். முழிச்சுக்கிட்டே வரை."

ஒரு கிராஃப் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. ரெண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும்.

பெட்டி யாருக்கு என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார். அவருடைய ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஒப்பந்த வேனை ஓட்டியவர், திருக்கழுக்குன்றத்துக்காரர், பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். நாற்பது வயதுகூட இல்லை. பேச்சு போய்விட்டது, கைகால் போய்விட்டது. இடது கையில் மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம். காதும் புத்தியும் நன்றாக இருந்தன. ஆமாம் என்றால் ஒருமுறை கண்ணைச் சிமிட்டுவார், இல்லை என்றால் இறுக மூடிக்கொள்வார். அவர் மனைவி நாள் முழுக்கக் கட்டிலருகே வந்து வந்து கேட்பார்: "தண்ணியா? காத்தாடி போடவா? திருப்பிப் படுக்க வைக்கவா? எங்கனா நோவுதா?" கேட்டதற்கு மட்டும்தான் அவரால் பதில் சொல்ல முடியும். தானாக ஒன்றைச் சொல்லத் தொடங்க முடியாது. அதற்குத்தான் சார் ஓய்வு நேரத்தில் இந்தப் பெட்டியைச் செய்துகொண்டிருந்தார். ஒரு சின்னத் திரை, ஒரு சிப்பு, ஒரு மவுஸ். திரையின் மேல் வரிசையில் ஆறு படம், கீழ் வரிசையில் ஆறு படம், நடுவில் வெற்றிடம். மவுஸை நகர்த்தி அம்பைப் படத்தின் மேல் வைத்து அமுக்கினால் பெட்டி நீளமாகக் கத்தும், அந்தப் படம் மின்னும்.

பன்னிரண்டு படங்களையும் நான்தான் வரைந்தேன். செம்பு, மின்விசிறி, தலையணை, கொசு, டீ டம்ளர், போர்வை, இப்படி. வலிக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. வாய் திறந்த முகம் போட்டால் பாடுகிறவன் மாதிரி வந்தது. கடைசியில் மின்னல் மாதிரி ஒரு கோணல் கோடு போட்டேன்.

அம்புதான் படுத்தியது. ஒவ்வொரு குறிக்கும் இரண்டு வரைபடம் வேண்டும் என்று சார் சொல்லிக்கொடுத்தார். எந்தப் புள்ளி கறுப்பு என்பது ஒன்று. அடியில் இருக்கும் படத்தில் எந்தப் புள்ளியை அழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் கறுப்பின் மேல் கறுப்பு போய் அம்பு காணாமல் போகும். போர்டில் எழுத்தைச் சுற்றி அவுட்லைன் இழுப்பதுபோலத்தான், எனக்கு உடனே பிடிபட்டது. இத்தனை புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளிதான் உண்மையில் தொடும் புள்ளி, மற்றதெல்லாம் கண்ணுக்காக, என்பதும் அப்போது தெரிந்துகொண்டதுதான்.

பெட்டியைக் கட்டிலுக்கு மேலே ஒரு கம்பியில் பொருத்தினோம். இடது கைக்கு அடியில் ஒரு பலகை, அதன் மேல் மவுஸ். அம்பை டிரைவர் கவனிக்கவே இல்லை. அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டு, நீட்டிய விரல் ஒன்று வரைந்து கொண்டுபோனேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி இது, யாரையோ வையிற மாதிரி கீது" என்றார். டிரைவர் கண்ணைச் சிமிட்டினார்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, விரலுக்குப் பதிலாக, விளையாட்டாகத்தான் ஒரு வேன் போட்டேன். பக்கவாட்டில் பார்த்த வேன், இரண்டு சக்கரம், ஒரு ஜன்னல். சார் வழக்கம்போல சிப்பைக் கழற்றி எடுத்துப்போய், வீட்டில் வேனை அதில் ஏற்றி, மறுநாள் கொண்டுவந்து மாட்டினார். டிரைவர் விரல் நகர்ந்தது. வேன் நடுவெற்றிடத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போயிற்று. திரும்பி வந்தது. பிறகு மேலே ஏறியபோது, நின்ற வாக்கிலேயே ஆகாயத்துக்குப் போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பாத்தியா, வண்டி எங்கயாவது இப்படிப் போவுமான்னு கேக்குதாரு" என்றார் சார்.

மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்தால்தான் எல்லாப் பக்கமும் திரும்ப முடியும். எட்டுத் திசைக்கு எட்டு வேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரைபடம். சிப்பில் அவ்வளவுக்கு இடம் இல்லை. சார் ஒரு வழி கண்டுபிடித்தார். வலப்பக்கம் போகிற வேனை வரிசை மாற்றிப் படித்தால், கண்ணாடியில் தெரிகிற மாதிரி, இடப்பக்கம் போகிற வேன் கிடைத்துவிடும். எட்டுக்குப் பதில் ஐந்து வரைந்தால் போதும், எல்லாம் அடங்கிவிடும்.

ஐந்து வரைந்தேன். ஒவ்வொன்றிலும் முன்பக்கம் வலது மூலையில் ஒரு புள்ளி தனியாக வைத்தேன். அது டிரைவர் தலை. தொடும் புள்ளியை முன் பம்பரில் வைத்தோம். ஒன்றும் இல்லாத இடத்தில் மவுஸை அமுக்கினால் ஆரன் அடிக்கும்படி சார் செய்திருந்தார்.

டிரைவர் வலப்பக்கம் ஓட்டினார். மேலே திருப்பினார். இடப்பக்கம் திரும்பியதும் விரல் நின்றது. கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி வலம், மறுபடி இடம், மறுபடி கண்ணை மூடினார். எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அக்காதான் மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"ஐய, டிரைவர் சீட்டு லெஃப்ட்ல கீதே! இன்னா சார், அவர ஃபாரினுக்கு அனுப்பிட்டீங்களா?"

கண்ணாடித் திருப்பலில் என் புள்ளி இடது மூலைக்குப் போயிருந்தது. டிரைவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் கேட்டதாக அக்கா சொன்னார்.

"அந்தப் புள்ளிய எடுத்துரவா?" என்று கேட்டேன். கண்ணை இறுக மூடினார்.

அப்படியானால் எட்டையும் வரைய வேண்டும். எட்டும் உள்ளே வர வேண்டுமானால் நாலு படம் வெளியே போக வேண்டும். சார் ஒவ்வொரு படமாகக் காட்டி, இது வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். டிரைவருக்கு டீ கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், டம்ளரைக் கழித்தார். கொசுவலை வாங்கியாகிவிட்டது, கொசு போயிற்று. போர்வை போயிற்று. நாலாவதாகக் கோணல் கோட்டுக்குக் கண்ணைச் சிமிட்டினார்.

"அது இருக்கட்டும் சார்" என்றார் அக்கா.

"ஒரு தடவகூட அவரு அதத் தொட்டதில்லையேம்மா."

"தொட்டா நான் அழுவேன்னுதான் தொடமாட்டேங்குறாரு."

டிரைவர் மறுபடி சிமிட்டினார், அழுத்தமாக. சார், "வலிக்குதான்னு நீங்க வாயால கேளுங்கம்மா. அவரு கண்ணால சொல்லிருவாரு" என்றார். எங்கள் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கு எட்டு வேன் வரைகிற ஆசை வேறு.

அந்த வேன் ஓடியதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. திருப்பத்தில் ஆரன் அடித்துத் திரும்புவார். படங்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்துவார். காலி செய்த நாலு இடமும் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருந்தன, அதை ஷெட் என்று வைத்துக்கொண்டார். அக்கா அடுப்படியிலிருந்து, "இன்னாய்யா, இன்னிக்கி நைட் ஷிப்ட்டா?" என்று கத்துவார். ஆரன் பதில் சொல்லும். தண்ணீர் வேண்டுமென்றால் செம்புப் படத்துக்கு வண்டியை விட்டு அமுக்குவார். அக்கா கட்டிலருகே வந்து வந்து கேட்கிற வேலை குறைந்தது. ஒரு பக்கம் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். எனக்கு அது நல்ல காரியமாகத்தான் தெரிந்தது.

அதற்குள் செங்கல்பட்டில் ஃபிளெக்ஸ் வந்து, கடையில் வேலை சுருங்கியது. எனக்கும் ஓர் இடத்தில் அதிக நாள் இருந்து பழக்கமில்லை. மவுஸுக்குள் உருளும் பந்தில் முடியும் தூசியும் சுற்றிக்கொண்டால் எப்படி எடுப்பது என்று அக்காவுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, திண்டிவனத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு லாரியின் இரண்டு கதவுக்கும் ஒரே மாதிரி அன்னம் போட வேண்டியிருந்தது. டிரேசிங் தாளில் ஒன்று வரைந்து, மறு கதவுக்குத் தாளைப் புரட்டிப் போடுவேன், அன்னம் எதிர்ப்பக்கம் பார்க்கும். ஒரு மத்தியானம் தாளைப் புரட்டாமல் தலைகீழாகச் சுற்றி வைத்துவிட்டேன். அன்னம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் இருந்தவன், "இன்னா மச்சான், சரக்கு அடிச்சுகினு கீதா அது?" என்றான். நான் அன்னத்தைப் பார்க்கவில்லை. வேனைத்தான் பார்த்தேன். மேலிருந்து பார்க்கிற வண்டிக்குக் கவிழ்வது என்று ஒன்று கிடையாது. வலப்பக்கம் போகிற வேனைப் புரட்டாமல் அரைச்சுற்று சுற்றினால் இடப்பக்கம் போகும், டிரைவர் தலையும் வலது மூலையிலேயே இருக்கும். மேலே போவது கீழே போகும். சாய்வாகப் போவதும் அப்படித்தான். நாலே வேன் வரைந்தால் போதும். கண்ணாடித் திருப்பலுக்கு வேண்டியதைவிட ஒன்று குறைவு. நாலு படத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

பட்டறைக்கு எதிரிலேயே எஸ்டிடி பூத் இருந்தது. சார் வீட்டு எண் எனக்கு மனப்பாடம். போன் செய்யவில்லை. கிராஃப் தாளில் வரைந்து, நேரில் போய், டிரைவர் முன்னால் தாளைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று ஆசை. கையில் இருந்த வண்டியை முடிக்காமல் கூலி வராது என்பதால் அதை முடித்துவிட்டுக் கிளம்பினேன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன், பையில் தாளை மடித்து வைத்திருந்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் கட்டில் நிமிர்த்திச் சுவரில் சாய்க்கப்பட்டிருந்தது. மாவு அரைத்துக்கொண்டிருந்த அக்கா கிரைண்டரை நிறுத்தினார்.

"காரியமே முடிஞ்சிடுச்சு தம்பி. உனக்கு எங்கன்னு சொல்லி அனுப்புறது?"

வயிற்றுக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டதாம். காலையில் உடம்பு ஜில்லிட்டிருந்ததைப் பார்த்து ஆட்டோவில் எடுத்துப்போயிருக்கிறார்கள். முந்தின நாளே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

"மொத நாளு சாயந்தரம் பூரா வண்டி அந்தக் காலி எடத்துலயே நின்னுகினு இருந்துச்சு. நீ கோணக்கோடு போட்டு வெச்சிருந்தியே, அந்த எடம். ஆரன் வேற அடிச்சுகினே இருந்தாரு. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? டூட்டி முடிஞ்சிடுச்சு, ஷெட்டுல போட்டுட்டேன்னு சொல்றாருன்னு. தலய நோவுது, போதும் நிறுத்துய்யான்னு கத்துனேன். நிறுத்திட்டாரு."

கிரைண்டர் ஓரத்து மாவை வழித்துக்கொண்டே அவரே சொன்னார். "முன்னல்லாம் நாளுக்குப் பத்து வாட்டி கேப்பேன், எங்கனா நோவுதான்னு. இந்தப் பொட்டி வந்தப்புறம் கேக்குறதையே மறந்துட்டேன் பா. வேணும்னா அவரே சொல்லுவாருன்னு இருந்துட்டேன்."

எனக்கும் இவ்வளவு காலம் கழித்து அந்தத் தாளைவிட அதுதான் அதிகம் உறுத்துகிறது. அங்கே போனபோதெல்லாம் வேன் எப்படித் திரும்புகிறது என்றுதான் பார்த்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருமுறையும் அவரைக் கேட்டதில்லை.

"இன்னா விசயமா வந்த தம்பி?"

"சும்மாதான்க்கா. பாத்துட்டுப் போவலாம்னு."

பெட்டி அலமாரியில் துணி போட்டு மூடியிருந்தது. சார் எடுத்துப்போகச் சொன்னபோது கொடுக்க மனம் வரவில்லை என்றார் அக்கா. அவரே அதை எடுத்து, கயிற்றுக் கொடியில் தொங்கிய ஒயரைச் சொருகி, என் முன்னால் தரையில் வைத்தார். திரை பச்சையாக எழுந்தது. மேல் வரிசையில் ஆறு படம், கீழ் வரிசையில் இரண்டு. வேன் நடுவில் நின்றது. நான் மவுஸில் கை வைத்து அதை இடப்பக்கம் திருப்பினேன், கீழே இறக்கினேன், கோணல் கோடு இருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். டிரைவர் தலை வலது மூலையில்தான் இருந்தது.

அக்கா மறுபடி கிரைண்டரைப் போடப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆரன் மட்டும் அடிக்காத தம்பி" என்றார்.