சாவு சொல்லாமல் கேட்ட லீவு

நான் லீவு கேட்ட அன்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கங்காணி இருந்தார். என் வீட்டுக்காரர் இருந்தார், மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு. அவருடைய தங்கை, என் நாத்தனார், இருந்தாள். என் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். பிறகு நான். மற்றவர்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள்.

“யாரு செத்தது?” என்றார் கங்காணி.

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் கேட்பார்கள். சேர்ந்தாற்போல் நாலைந்து நாள் லீவு என்றால் சாவு. இல்லாவிட்டால் கல்யாணம், சடங்கு. சும்மா லீவு கிடையாது. அதனால் தேவைப்பட்டால் யாரையாவது சாகடிப்போம். இந்தியாவில் இருக்கும் சித்தப்பாக்கள் அடிக்கடி சாவார்கள். அது கங்காணிக்கும் தெரியும்.

“யாரும் சாகலங்க. மன்னாருக்குப் போறேன். பறவை பாக்க.”

வீட்டுக்காரர் டாங்கியைக் கீழே இறக்கிவைத்தார்.

என் தங்கையை மன்னாரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஒரு நாள் போனில் காட்டினாள். தண்ணீருக்குள் ரோஸ் நிறத்தில் கூட்டமாகப் பறவைகள். கால் நீளம், கழுத்து நீளம். இரண்டு மூன்று மாதம்தான் நிற்கும், பிறகு போய்விடும் என்றாள். அவள் வீட்டுக்கு நான் போனதெல்லாம் சாவுக்குத்தான். அழுவேன், சோறு தின்பேன், பஸ் ஏறுவேன். கடலைக்கூட நின்று பார்த்ததில்லை. இந்தத் தடவை பார்ப்பது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

“இங்க இல்லாத குருவியா?” என்றார் வீட்டுக்காரர்.

“இங்க உள்ளத நீங்க பாருங்க.”

நாத்தனார் என் காதுக்குள் சொன்னாள். “தங்கச்சியோட மாமியா செத்துருச்சின்னு சொல்லுங்க அண்ணி. கெழவிக்கு எப்புடியும் வயசாயிருச்சு.”

“அது மூணு வேளையும் நல்லாத் திங்குது. நான் கொல்ல மாட்டேன்.”

கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “ஏம்மா, ஒரு சாவச் சொல்லேன். தொரைகிட்ட நான் குருவின்னா சொல்றது?”

“குருவின்னே சொல்லுங்க.”

“வந்ததும் ஒன்னய மேமலைக்குத்தான் போடுவாரு.”

மேல்மலை செங்குத்து. மழையில் வழுக்கும். வயசானவர்கள் கெஞ்சித் தப்பித்துக்கொள்ளும் இடம்.

“போடட்டும். ஏறிக்கிறேன்.”

அட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பழைய தூரக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பழகப் போனேன். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தேயிலை முடியும் இடத்தில் சின்னக் காடு இருக்கிறது. உள்ளே கால் வைக்கும்போதே “ஹோய்” என்று கத்திவிட்டேன். இருந்த குருவியெல்லாம் போய்விட்டது.

கொழுந்து எடுக்கிறவர்கள் நிரைக்குள் அப்படித்தான் இறங்குவோம். செடிக்கு அடியில் சிறுத்தை படுத்திருக்கும். நாம் வருவது அதற்குத் தெரிய வேண்டும். அடுத்த ஞாயிறும் கத்தினேன். வாய் சொன்னபடி கேட்கவில்லை. அதற்கடுத்த தடவை தலைத்துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு போனேன்.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன். கால் மரத்துப்போகும்வரை நின்றேன். ஒரு குருவி கிளையில் வந்து உட்கார்ந்தது. பச்சை உடம்பு. காதோரம் மஞ்சளாக மயிர்க் கொத்து. ஒரு தடவை கூவியது. தினமும் கேட்கிற குரல்தான். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது நாத்தனார் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னா அண்ணி, பல்லு வலியா?”

துண்டை அவிழ்த்தேன். “கத்தாம இருக்கப் பழகுறேன்.”

“எங்க அண்ணனக் கட்டுன அன்னைக்கே பழகியிருக்கலாம்ல.”

அப்படிச் சொன்னவள்தான் மறுநாள் தன் பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். என்னுடையது சிவப்பு. தூரத்திலேயே தெரியும், பறவை மிரளும்.

அந்த வாரமே கங்காணி பதில் சொன்னார். “தொரை சிரிச்சாரு. போகச் சொல்லிட்டாரு. ஆனா மேமலை ஒனக்குத்தான்.”

“சரிங்க.”

மிச்சம் இருந்தது வீட்டுக்காரர். நான் பையில் துணி அடுக்கும்போது கதவில் சாய்ந்து நின்றார்.

“புருசன விட்டுட்டு ஊர் சுத்தப் போறாளான்னு லயமே கேக்கும்.”

“நீங்களும் வாங்க.”

“நானா? குருவி பாக்கவா? சிரிப்பானுங்க.”

“அப்ப இருங்க.”

“தனியாப் போகக் கூடாதுன்னு சொல்றேன்.”

“சாவுக்கெல்லாம் தனியாத்தான போனேன். அப்ப லயம் ஒண்ணும் கேக்கலயே.”

நான் பையை மூடினேன்.

புறப்படும் காலையில் பனி விலகவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுவரைக்கும் வந்தார். பஸ் வந்தது. ஏறினேன். பையைக் கொடுத்துவிட்டு அவர் கீழேயே நின்றார். கண்டக்டர் பையன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். எத்தனை டிக்கட் என்று கேட்டான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்டக்டரைப் பார்த்துச் சொன்னேன்.

ஒன்று.